விழிப்புரதத்தின் முதல் 200 ஃபெம்டோநொடிகள்

ரோடாப்சினை ஆராய வேண்டுமென்றால் முதலில் மாட்டுக் கண்கள் வேண்டும். இறைச்சிக்கூடத்திலிருந்து வெளிச்சம் படாமல் வந்து சேரும் கண்களை, மங்கலான சிவப்பு விளக்கின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் விழித்திரையை உரித்தெடுப்பார்கள். அந்தத் திரையில் உள்ள புரதம் நீலம் கலந்த பச்சை ஒளியைத்தான் ஆவலாக உறிஞ்சும். சிவப்பை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. அதனால்தான் சிவப்பு விளக்கு. யாராவது மறந்துபோய் வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டால் அன்றைய சரக்கு வீண். ஊதா கலந்த சிவப்பாக இருக்கும் திரை கண்ணெதிரே வெளுத்து மஞ்சளாகிவிடும். 1876இல் ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மானியர் தவளையின் கண்ணில் கவனித்தது இந்த வெளுப்பைத்தான்.

வெளுப்பு நிதானமாக நடக்கும் சங்கதி. அதைத் தொடங்கிவைக்கும் நிகழ்வோ சுமார் 200 ஃபெம்டோநொடிக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் பத்துக் கோடிப் பங்காக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோநொடி. நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, 200 ஃபெம்டோநொடியில் 60 மைக்ரோமீட்டர்தான் நகரும். ஒரு தலைமுடியின் பருமன், அவ்வளவுதான். அந்த இடைவெளிக்குள் ஒரு மூலக்கூறு ஒளியை வாங்கி, தன் உடலை முறுக்கி, வேறொரு வடிவத்துக்குப் போய்விடுகிறது. நாம் எதையாவது பார்க்கும் ஒவ்வொரு முறையும் முதலில் நடப்பது இது.

ரோடாப்சின் 348 அமினோ அமிலங்களால் ஆன புரதம். ஏழு சுருள்கள் செல்சவ்வைக் குறுக்காகத் துளைத்து நிற்கும். நடுவே ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள், 296ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்து, ரெட்டினால் என்ற சிறிய மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. ஒளியைப் பிடிப்பது அதுதான். வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் செய்துகொள்ளும் பொருள் இது. அது போதாமல் போனால் மாலைக்கண் வரும். கண்ணுக்கும் வைட்டமின் ஏ-க்கும் உள்ள வேதியியல் தொடர்பை 1930களில் கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவருடைய ஆய்வகத்தில் இருந்த ரூத் ஹப்பார்டும் ஆலன் க்ராஃபும் 1958இல் சொன்ன செய்தி இன்னும் முக்கியமானது என்பது என் எண்ணம். பார்வையில் ஒளி நேரடியாகச் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: ரெட்டினாலின் 11, 12ஆம் கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பைத் திருப்பி, வளைந்த சிஸ் வடிவத்தை நீண்ட டிரான்ஸ் வடிவமாக்குவது. மற்றதெல்லாம் இருட்டிலும் நடக்கக்கூடிய வேதிவினைகள்.

அந்தத் திருப்பம் எவ்வளவு விசித்திரமானது என்பதை இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளங்கும். இருட்டில் விட்டால் ஒரு ரோடாப்சின் மூலக்கூறு வெப்பத்தால் தானாகத் திரும்பிக்கொள்ள சராசரியாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். ஒரு ஃபோட்டான் பட்டால் 200 ஃபெம்டோநொடி. தானாகத் திரும்பினால் இல்லாத வெளிச்சத்தைக் கண் பார்த்துவிடும். அதனால் அந்தப் பிடிவாதம் வேண்டும். ஒளி பட்டபின் தயங்கினால், வாங்கிய ஆற்றல் வெப்பமாகவோ ஒளிர்வாகவோ கசிந்து போய்விடும். அதனால் இந்த அவசரமும் வேண்டும். நூறு ஃபோட்டான்களை உறிஞ்சினால் ஏறக்குறைய 65 திருப்பங்கள் கிடைக்கின்றன. இதே ரெட்டினாலைப் புரதத்திலிருந்து பிரித்து மெத்தனாலில் கரைத்துப் பார்த்தால், மாற்றத்துக்குப் பத்து மடங்கு அதிக நேரமாகிறது, விளைச்சலும் வெகுவாகச் சரிகிறது. ஆக, பொந்து சும்மா இடம் கொடுக்கவில்லை, எதையோ செய்கிறது. என்ன செய்கிறது என்பதற்கான விடை அணுக்களின் அதிர்வுகளில் இருக்கிறது என்று வேதியியலர்கள் வெகுநாளாகச் சந்தேகித்தார்கள். சந்தேகத்தைச் சோதிக்கக் கருவிதான் இல்லை.

1972இல் பெல் ஆய்வகத்தில் ரோடாப்சின் மீது லேசர் துடிப்பைப் பாய்ச்சிப் பார்த்தபோது, முதல் விளைபொருள் 6 பிகோநொடிக்குள் வந்துவிடுகிறது என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஒரு பிகோநொடி ஆயிரம் ஃபெம்டோநொடி. லேசர் துடிப்பே அவ்வளவு நீளமாக இருந்ததால் அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இவ்வளவு குறைந்த நேரத்தில் ஒரு மூலக்கூறு உடம்பைத் திருப்பிக்கொள்ள முடியுமா, வேறு ஏதோ சின்ன மாற்றத்தைத்தான் பார்க்கிறோமா என்ற விவாதமும் நடந்தது.

இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் மின்னணுக் கருவி எதுவும் கிடையாது. எனவே ஒரு தந்திரம். ஒரு லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் துடிப்பு மூலக்கூறைத் தூண்டும். இரண்டாவது சற்றுத் தாமதமாக வந்து, மூலக்கூறு இப்போது எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று சோதிக்கும். தாமதத்தைத் தூரத்தால் அளப்பார்கள்: இரண்டாவது துடிப்பின் பாதையில் நகரும் மேடை மீது கண்ணாடிகளை வைத்து, மேடையை ஒரு மைக்ரோமீட்டர் பின்னால் தள்ளினால், போக வர இரண்டு மைக்ரோமீட்டர் கூடும்; துடிப்பு 6.7 ஃபெம்டோநொடி பிந்தும். மேடையைத் தள்ளு, அள. மறுபடி தள்ளு, அள. ஆயிரக்கணக்கான முறை.

துடிப்பைக் குட்டையாக்குவதுதான் பெரும்பாடு. பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஷாங்கின் குழு 1987இல் 6 ஃபெம்டோநொடித் துடிப்பு வரை கொண்டுவந்தது. சாயத்தை வைத்து இயங்கிய லேசர் அது. பிறகு டைட்டானியம்-நீலமணி லேசர் வந்து வேலையை எளிதாக்கியது. துடிப்பை முதலில் இழுத்து நீட்டி, வலுவேற்றி, மறுபடி சுருக்கும் முறைக்காக டோனா ஸ்ட்ரிக்லாண்டுக்கும் ஜெரார் மூருவுக்கும் 2018 இயற்பியல் நோபலில் பாதி கிடைத்தது. ஆனாலும் இயற்கை ஒரு வரியை வசூலித்துவிடுகிறது: துடிப்பு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நிறங்கள் அதற்குள் கலந்திருந்தாக வேண்டும். பச்சை ஒளியில் 10 ஃபெம்டோநொடித் துடிப்பு என்றால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 40 நானோமீட்டருக்குப் பரந்திருக்கும். கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் போகிறது. ஒரே ஒரு மில்லிமீட்டர் கண்ணாடியைக் கடந்தாலே அந்தத் துடிப்பு இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிடும். அதைச் சரிக்கட்ட முப்பட்டகங்களும், நிறத்துக்கு நிறம் வேறு ஆழத்தில் பிரதிபலிக்கும் சிறப்புக் கண்ணாடிகளும் வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் இதெல்லாம் நாலு வரியில் முடிந்துவிடும். மேசையில் பாதி வாழ்க்கை இதில்தான் போகிறது.

ரோடாப்சின் வேறு ஒரு தொல்லை தருகிறது. ஒருமுறை ஒளி பட்டால் அந்த மூலக்கூறு தீர்ந்தது; கண்ணுக்குள் என்றால் புதுப்பித்துக்கொள்ளும், கண்ணாடிக் குப்பிக்குள் அது நடக்காது. ஒவ்வொரு துடிப்புக்கும் புதிய மூலக்கூறுகள் வேண்டும் என்பதால் கரைசலை ஓடவிட்டுக்கொண்டே அளக்க வேண்டும். அத்தனை மாட்டுக் கண்களும் எதற்கு என்பது இங்கே தெரிகிறது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்டு மேத்தீஸும், அங்கே வந்து சேர்ந்த ஷாங்கும், அவர்களுடைய குழுவினரும் 1991இல் இந்தத் திருப்பத்துக்கு 200 ஃபெம்டோநொடி என்று நேரம் குறித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே குழு வெளியிட்ட அளவீடுதான் இந்தக் கட்டுரையின் மையம். 35 ஃபெம்டோநொடித் துடிப்பால் தூண்டி, 10 ஃபெம்டோநொடித் துடிப்பால் சோதித்தார்கள். விளைபொருளுக்கு உரிய நிறத்தில் உறிஞ்சல் ஏறி நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். ஏறியது, ஆனால் நிலைக்கவில்லை. மேலும் கீழுமாக அலைந்தது. ஒரு அலைவுக்கு 550 ஃபெம்டோநொடி. திரும்பி முடிந்த ரெட்டினால் தன் புதிய வடிவத்திலும் முறுக்கி முறுக்கி ஆடிக்கொண்டிருந்தது.

ஆடுவதில் என்ன அதிசயம்? எல்லா மூலக்கூறும் எப்போதும் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது? ஆம், ஆனால் குப்பியில் கோடானுகோடி மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் தன்போக்கில் ஆடினால் மொத்தத்தில் எதுவும் தெரியாது. கோலாட்டத்தில் எல்லாக் கோலும் ஒரே நேரத்தில் தட்டினால்தான் தாளம் கேட்கும். ஆளுக்கு ஒரு நேரத்தில் தட்டினால் வெறும் இரைச்சல். துடிப்பு அதிர்வின் ஒரு சுற்றைவிடக் குட்டையாக இருந்தால், அது பட்ட எல்லா மூலக்கூறுகளும் ஒரே கணத்தில் ஆடத் தொடங்கும். அலைவு அளவீட்டில் தெரியும். கொஞ்ச நேரத்தில் சுற்றுப்புறத்தின் மோதல்களால் அவை ஒத்திசைவை இழக்கும். அலைவு தேய்ந்து மறையும். இதைத்தான் அதிர்வு ஒருங்கிசைவு என்கிறார்கள். 1994இல் வியப்பு தந்தது, தூண்டும்போது தொடங்கிய ஒத்திசைவு திருப்பத்தைக் கடந்தும் பிழைத்திருந்தது என்பதே. வினை தட்டுத் தடுமாறி நடந்திருந்தால் மூலக்கூறுகள் வெவ்வேறு நேரத்தில் அக்கரை சேர்ந்திருக்கும், ஒத்திசைவு அழிந்திருக்கும். அழியவில்லை என்றால், அவை ஒரே வேகத்தில், நிற்காமல், சறுக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

கிடைக்கும் அலைவுகளைக் கணிதத்தால் பகுத்தால் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று பட்டியல் கிடைக்கும். கார்பன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பு நீண்டு சுருங்க ஏறத்தாழ 22 ஃபெம்டோநொடி. 11, 12ஆம் கார்பன்களில் ஒட்டியிருக்கும் ஐதரசன் அணுக்கள் மூலக்கூறின் தளத்தை விட்டு மேலே கீழே ஆட 34 ஃபெம்டோநொடி. துறையினர் இதைச் சுருக்கமாக 'ஹூப்' என்பார்கள். 35 ஃபெம்டோநொடித் துடிப்பால் இவ்விரண்டையும் ஒழுங்காகத் தொடங்கிவைக்கவே முடியாது. அதனால்தான் 1994இல் நிதானமான முறுக்கல் மட்டும் தெரிந்தது. துடிப்பு குறுகக் குறுக, வேகமான அதிர்வுகளும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன.

மூலக்கூறின் அதிர்வைச் சிதறும் ஒளியால் படிக்கும் கலைக்கு அடித்தளம் போட்டவர்கள் இரண்டு தமிழர்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் செய்த சோதனைகளின் முடிவில், 1928 பிப்ரவரி 28 அன்று உறுதியான சிதறல் அது. மூலக்கூறின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அந்த மூலக்கூறின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டோ வாங்கிக்கொண்டோ நிறம் மாறி வெளியேறுகிறது. எந்த அளவு மாறியது என்று பார்த்தால் எந்த அதிர்வு என்று தெரியும். (ராமனுக்குக் கண்பார்வை மேலும் தீராத ஆர்வம், 1968இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ரோடாப்சினும் ராமன் விளைவும் பின்னால் ஒரே மேசையில் சந்தித்ததைப் பார்க்க அவர் இருந்திருக்கலாம்.) சாதாரண ராமன் சிதறல் மங்கலானது, ஃபெம்டோநொடி வேகத்துக்கு ஒத்துவராது. மேத்தீஸின் குழு ஃபெம்டோநொடித் தூண்டல் ராமன் முறையைப் பக்குவப்படுத்தியது. முதல் துடிப்பு வினையைத் தொடங்கும். அடுத்து ஒரே நேரத்தில் வரும் இரண்டு துடிப்புகள் ராமன் சமிக்ஞையை வலுப்படுத்தி வெளியே இழுக்கும். 2005இல் ஃபிலிப் குகுராவும் டேவிட் மெக்காமன்டும் மற்றவர்களும் இந்த முறையில் ரோடாப்சினைப் பார்த்தபோது, 'ஹூப்' அதிர்வின் அதிர்வெண் 200 ஃபெம்டோநொடியிலிருந்து ஒரு பிகோநொடி வரை படிப்படியாக இடம்பெயர்ந்தது தெரிந்தது. முதல் 200 ஃபெம்டோநொடியில் உண்டானது கடுமையாக முறுக்கிக் கிடக்கும் ஒரு வடிவம். ரெட்டினாலின் கார்பன் முதுகெலும்பு நிமிர்வது அதற்குப் பின்னால்தான். முறுக்கில்தான் சேமிப்பு இருக்கிறது: வாங்கிய ஃபோட்டானின் ஆற்றலில் பாதிக்கு மேல் இந்த நெருக்கடியான வடிவத்துக்குள் அடைபட்டு, பின்னால் புரதத்தைத் திறந்துவிடப் பயன்படுகிறது.

2010இல் மிலானில் ஜூலியோ செருல்லோவின் ஆய்வகம் ஒளிர்வு மறைவதையும் விளைபொருள் உதிப்பதையும் ஒரே ஓட்டமாகப் பின்தொடர்ந்தது. தூண்டிய நிலையும் அடிநிலையும் ஆற்றலில் ஒன்றையொன்று தொடும் ஒரு புள்ளி உண்டு. கூம்புச் சந்திப்பு என்று பெயர். மூலக்கூறு அங்கே சுமார் 80 ஃபெம்டோநொடியில் போய்ச் சேர்கிறது என்று காட்டினார்கள். 2015இல் டுவேய்ன் மில்லரின் குழு இன்னும் கூர்மையான முறையில் அளந்து, விளைபொருள் 50 ஃபெம்டோநொடிக்குள்ளாகவே தலைகாட்டத் தொடங்குகிறது என்றும், அதை இயக்குவது 11, 12ஆம் கார்பன்களைச் சுற்றியுள்ள நீட்சி, முறுக்கல், 'ஹூப்' என்ற மூன்று வகை அதிர்வுகள் என்றும் சொன்னது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அலைவைப் பார்ப்பது ஒன்று. அந்த அலைவுதான் வினையை நடத்துகிறது என்பது வேறு. தேர் நகரும்போது அதன் மணிகளும் குலுங்கும் என்பதற்காக மணி இழுத்துத் தேர் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது. குட்டைத் துடிப்பைப் பாய்ச்சினால், வினையோடு சம்பந்தமில்லாத அதிர்வுகளும் சேர்ந்துதான் ஆடும். எது இயக்கும் அதிர்வு, எது உடன் குலுங்கும் அதிர்வு? இத்துறையில் தலைப்புச் செய்தியானவற்றில் கணிசமானவை இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்தவை.

ஒரு உதாரணம். உப்பளம் போன்ற உவர்நீரில் வாழும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி பாக்டீரியோரோடாப்சின் என்ற உறவுக்காரப் புரதத்தை வைத்திருக்கிறது. 1971இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கெனியஸும் அடையாளம் கண்டது. இதிலும் ரெட்டினால்தான், இங்கே 13ஆம் கார்பனில் திருப்பம் நடக்கிறது, அரை பிகோநொடியில். இந்தப் புரதம் சில மில்லிநொடிகளில் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால் ஆய்வாளருக்குச் செல்லப்பிள்ளை. 1999இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். திரும்ப வேண்டிய பிணைப்பை ஒரு கார்பன் வளையத்தால் பூட்டி, திரும்பவே முடியாத ரெட்டினாலைப் புரதத்துக்குள் வைத்து அளந்தார்கள். ஒளி பட்ட உடனே தெரியும் முதல் மாற்றங்கள், பூட்டாத புரதத்தில் தெரிந்தவற்றைப் போலவே இருந்தன. திருப்பத்தின் தொடக்கம் என்று பலர் நினைத்திருந்தது திருப்பமே இல்லாமலும் வந்தது!

ஒளிச்சேர்க்கை ஆய்விலும் இதே பாடம். 2007இல் பாக்டீரியாவின் ஒளியறுவடைப் புரதத்தில் நெடுநேரம் நீடிக்கும் அலைவுகள் தெரிந்தபோது, தாவர உலகம் குவாண்டம் கணினி போலச் செயல்படுகிறது என்றே எழுதினார்கள். பின்னால் நுணுகிப் பார்த்ததில் அந்த நெடிய அலைவுகள் பெரும்பாலும் அணுக்களின் சாதாரண அதிர்வுகள் என்று தெளிந்தது. பழைய உரையை இன்னும் மேடைகளில் கேட்கலாம்.

ரோடாப்சினில் அதிர்வுக்கு உண்மையாகவே கை இருக்கிறதா என்று கேட்க ஒரு நேர்மையான வழி, அதிர்வை மட்டும் மாற்றிவிட்டு வினையின் விளைச்சல் மாறுகிறதா என்று பார்ப்பது. ஐதரசனுக்குப் பதில் அதன் இரட்டை எடையுள்ள டியூட்டீரியத்தை வைத்தால் போதும். வேதியியலில் வேறெதுவும் மாறாது. மின்புலம், வடிவம், பொந்தின் பொருத்தம் எல்லாம் அப்படியே. 'ஹூப்' மட்டும் மெதுவாகும். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த குகுராவின் குழுவும் மேத்தீஸும் மற்றவர்களும் 11, 12ஆம் இடங்களின் ஐதரசன்களை மாற்றிப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வினையின் வேகம் கொஞ்சமே மாறியது, அது எதிர்பார்த்ததுதான். விளைச்சல் மாறிய அளவுதான் யாரும் எதிர்பாராதது. எடை கூடியதால் வேகம் குறைந்தது என்ற எளிய கணக்கு அதற்கு உதவவில்லை. கூம்புச் சந்திப்பைத் தொடும் அந்த நொடித்துளியில் ஐதரசன் அணுக்கள் தங்கள் ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன, மேலே போகின்றனவா கீழே வருகின்றனவா என்பதைப் பொறுத்தே மூலக்கூறு முன்னே போகிறதா பழைய வடிவத்துக்கே திரும்புகிறதா என்பது தீர்மானமாகிறது என்று கணினி உருவகப்படுத்தல்களின் துணையோடு விளக்கினார்கள். என்னைக் கேட்டால், அலைவுப் படங்கள் அத்தனையையும்விட இந்த ஒரு சோதனைக்கு எடை அதிகம்.

இன்னொரு எதிர்வாதத்துக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. டொரான்டோவின் பால் ப்ரூமர் போன்ற கோட்பாட்டாளர்கள் வெகுகாலமாகக் கேட்பது: லேசர்தானே எல்லா மூலக்கூறையும் ஒரே நேரத்தில் தட்டுகிறது? சூரியனோ விளக்கோ அப்படிச் செய்வதில்லையே. ஃபோட்டான்கள் கண்டபடி வருகின்றன. அங்கே ஏது ஒருங்கிசைவு? நியாயமான கேள்வி. ஆனால் விளைச்சலை அளக்க ஃபெம்டோநொடித் துடிப்பு தேவையில்லை. தொடர்ந்து எரியும் விளக்கில் எத்தனை மூலக்கூறு வெளுத்தது என்று எண்ணினாலே போதும். டியூட்டீரியம் ஏற்படுத்தும் வித்தியாசம் ஒவ்வொரு தனி மூலக்கூறின் உள்விவகாரம். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைத்தான் லேசர் உண்டாக்குகிறது. ஒரு மூலக்கூறுக்குள் அதிர்வுக்கும் எலக்ட்ரானுக்கும் இருக்கும் ஒத்திசைவை அமைத்துக் கொடுப்பது புரதத்தின் பொந்து. ப்ரூமர் தரப்பு இதை முழுதாக ஏற்கும் என்று சொல்ல மாட்டேன்.

லேசர் அளவீடுகளில் அதிர்வின் தாளம் தெரியும். எந்த அணு எங்கே இருந்தது என்பது தெரியாது, ஊகிக்கத்தான் வேண்டும். அந்தக் குறையை நிரப்ப எக்ஸ்-கதிர் லேசர்கள் வந்திருக்கின்றன. ரோடாப்சினின் நுண்படிகங்களை ஓடவிட்டு, ஒளித்துடிப்பால் தூண்டி, அடுத்த கணம் எக்ஸ்-கதிர்த் துடிப்பால் அவற்றின் அமைப்பைப் பதிவு செய்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தினர் முன்னின்று 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிகோநொடி கழித்து ரெட்டினால் முறுக்கிய டிரான்ஸ் வடிவத்தில் பொந்தின் சுவரோடு இருந்த பல பிடிப்புகளைத் தளர்த்தி நிற்பதும், மிஞ்சிய ஆற்றல் புரதம் முழுவதும் ஒரே சீராகப் பரவாமல் செல்லுக்கு வெளிப்புறமாக மூச்சு விடுவதுபோல் விரிந்து கரைவதும் தெரிந்தன.

இந்த வகைச் சோதனைகளுக்கு ஒரு நெருடல் உண்டு. படிகத்தில் போதுமான மூலக்கூறுகளை மாற்ற, தூண்டும் துடிப்பின் வலுவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அப்போது ஒரு மூலக்கூறே ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டான்களை விழுங்கிவிடும். அப்படி நடந்தால் பார்ப்பது கண்ணுக்குள் நிகழும் வினையாக இருக்காது என்று மில்லரும் மற்றவர்களும் ஆட்சேபித்து வருகிறார்கள். வலுவைக் குறைத்தால் ஒளி பட்ட மூலக்கூறுகள் குறையும், வித்தியாசம் மங்கும், அதை ஈடுகட்ட மணிக்கணக்கில் கூடுதலாக அளக்க வேண்டும். அப்படிப்பட்ட எக்ஸ்-கதிர் லேசர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒவ்வொன்றின் வாசலிலும் வரிசை நீளம்.